மருத்துவக் கலைச்சொற்களின் ஈற்றுறுப்புகள்: தமிழ்க் கலைச்சொல் அகராதிகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மருத்துவக் கலைச்சொற்கள் பெரும்பாலும் கிரேக்க, இலத்தீன் வேர்களோடு சில நூறு ஈற்றுறுப்புகளும் முன்னொட்டுகளும் சேர்ந்து அமைபவை. அவற்றின் பொருளைத் திறக்கும் முதற்சாவி சொல்லின் ஈற்றில் உள்ளது. தமிழில் உருவான கலைச்சொல் தொகுப்புகளோ சொல்லின் முதலெழுத்தை அடிப்படையாகக் கொண்டு வரிசைப்படுத்தப்பட்டு, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே பெயர்த்துள்ளன. இதனால் தமிழ்வழிக் கற்ற மாணவர் சொல்லாக்கத்தின் ஒழுங்கைக் காணாமல் சொற்களை மனப்பாடம் செய்யும் நிலை தொடர்கிறது. பகுபத உறுப்பிலக்கணத்தையும் புணர்ச்சி விதிகளையும் துணைக்கொண்டு இவ்வீற்றுறுப்புகளைக் கற்பிக்க இயலும் என்பதையும், ஈற்றுறுப்புக்கு ஒரு நிலையான தமிழ் வடிவம் வேண்டும் என்பதையும் இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், ஈற்றுறுப்பு, பகுபத உறுப்பிலக்கணம், அழற்சி, சாமுவேல் கிறீன், அகராதியியல்.

முன்னுரை

மருத்துவக் கலைச்சொல் பற்றித் தமிழில் நிகழ்ந்த விவாதங்கள் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றி அமைந்தவை. அயல்மொழிச் சொல்லுக்குத் தனித்தமிழ்ச் சொல் ஆக்குவதா, வழக்கிலுள்ள வடசொல்லை ஏற்பதா, ஒலிபெயர்த்துக் கொள்வதா என்பதே அவ்வினா. அது தேவையான வினாவே. எனினும் அவ்விவாதம் சொல்லைப் பிரிக்க இயலாத ஓர் அலகாகக் கொண்டு நடந்தது. மருத்துவச் சொல்லின் அமைப்பு வேறு. அது உறுப்புகளால் ஆனது. உறுப்புகளை அறிந்தவர் இதற்குமுன் கேட்டிராத சொல்லையும் ஓரளவு பொருள்கொள்ள இயலும்.

இக்கட்டுரையாளர் சென்னையின் மேற்குப் புறநகரில், அம்பத்தூரில், செவிலியர் உதவியாளர் பயிற்சியும் ஆய்வக நுட்பநர் பயிற்சியும் பெறும் மாணவியர் சிலருக்கு மாலை நேரங்களில் மொழித்துணை வகுப்பு எடுத்தவர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் குடும்பங்களிலிருந்து வந்த அம்மாணவியர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்றவர்கள். பயிற்சி நிறுவனத்தில் அவர்கள் எதிர்கொண்ட முதல் இடர் உடற்கூற்றியலோ மருந்தளவுக் கணக்கோ அன்று, சொற்களே. ஆங்கில எழுத்தில் உள்ள நீண்ட பெயர்களைத் தமிழெழுத்தில் எழுதிவைத்து உருப்போடுவது அவர்களின் வழக்கம். அவ்வகுப்பில் கண்டவை புள்ளிவிவர ஆய்வாகா. இக்கட்டுரையின் வினாக்களுக்கு அவை தோற்றுவாயாக மட்டும் அமைகின்றன.

ஈற்றுறுப்பு: ஒரு வரையறை

நன்னூலார் பகுபத உறுப்புகளைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறாக வகுத்தார். 'ஐடிஸ்', 'எக்டமி', 'ஓமா' முதலியவற்றை விகுதி என்று எளிதாகச் சொல்லிவிட இயலாது. 'ஐடிஸ்', 'ஓசிஸ்' போன்றவை தனித்து நில்லாத உருபுகள். அவை நம் விகுதிக்கு நெருக்கமானவை. 'ஆட்டமி' என்பதோ வெட்டுதல் எனப் பொருள்படும் கிரேக்கப் பெயர்ச்சொல்லின் வழிவந்தது. அது தொகைச்சொல்லின் வருமொழிக்கு நெருக்கமானது. தமிழில் இவற்றுக்கு ஈடாக வரும் அழற்சி, நீக்கம், வலி, கட்டி ஆகியனவும் தனித்து நிற்கும் பெயர்களே. ஆகவே இரு வகையையும் ஒருங்கே சுட்ட 'ஈற்றுறுப்பு' என்னும் பொதுச்சொல்லை இக்கட்டுரை ஆள்கிறது.

ஒரே வேரை எடுத்துக்கொண்டால் ஈற்றுறுப்பின் ஆற்றல் தெளிவாகும். நரம்பைக் குறிக்கும் 'நியூர்' என்னும் வேர், ஈற்றுறுப்பு மாறமாற வெவ்வேறு நோய்நிலைகளைக் குறிக்கிறது. நியூரால்ஜியா நரம்புவலி, நியூரைடிஸ் நரம்பழற்சி, நியூரோபதி நரம்புநோய், நியூரோமா நரம்புக்கட்டி. பகுதி இடத்தைச் சொல்கிறது. ஈறு அவ்விடத்தில் நிகழ்ந்ததைச் சொல்கிறது. நோயாளிக்கு வேண்டிய செய்தி பெரும்பாலும் ஈற்றில் உள்ளது.

கிறீன் முதல் 'இயல்' வரை

மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கும் முயற்சியின் முன்னோடி மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884). 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் மருத்துவப் பணியோடு மருத்துவக் கல்வியையும் நடத்தினார். அவரும் அவர்தம் மாணாக்கரும் உழைத்து வெளிக்கொணர்ந்த நூல்களுள் பிரசவ வைத்தியம் (1857), இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), வைத்தியாகரம் (1872), கெமிஸ்தம் (1875), மனுஷ சுகரணம் (1883) ஆகியன குறிப்பிடத்தக்கவை.

இந்நூற்பெயர்களை மட்டும் நோக்கினாலும் சொல்லாக்கத்தின் ஒரு கட்டம் புலப்படுகிறது. உடற்கூற்றியல் 'அங்காதிபாதம்' எனவும், உடலியங்கியல் 'சுகரணம்' எனவும், வேதியியல் 'கெமிஸ்தம்' எனவும் வழங்கப்பட்டன. மூன்றும் அறிவுத்துறைகள், ஆயினும் மூன்றையும் ஓரினமாகக் காட்டும் ஈற்றுறுப்பு இல்லை. முதலாவது பாதாதிகேசம் என்னும் சிற்றிலக்கியப் பெயரை நினைவூட்டும் தொடர், இரண்டாவது வடசொல், மூன்றாவது அயற்சொல்லுக்கு 'அம்' ஈறு கொடுத்துத் தமிழ்ப் பெயராக்கிய வடிவம். ஒவ்வொரு துறைக்கும் தனிப்பெயர் வைக்கும் முறை இது. அதே வேளையில் பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் என்னும் இரு பெயர்களில் 'வைத்தியம்' பொது ஈறாக அமைந்திருப்பதையும் காணலாம். மகப்பேறும் அறுவையும் செய்தொழில்கள். அங்காதிபாதமும் சுகரணமும் அறிவுத்துறைகள். செய்தொழிலுக்குப் பொது ஈறு கண்ட கிறீனின் மரபு, அறிவுத்துறைக்கு அதைக் காணவில்லை.

அவ்விடத்தை இருபதாம் நூற்றாண்டில் 'இயல்' நிரப்பியது. 1916இல் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் தொடங்கிய தமிழ் சாஸ்திர பரிபாஷைக் கழகம் முதலாக, 1938இல் சென்னையில் வெளிவந்த 'கலைச்சொற்கள்' தொகுப்பு வழியாக, பின்னர் எழுந்த பாடநூல் முயற்சிகள்வரை சொல்லாக்கம் ஓர் இயக்கமாக வளர்ந்தது. இன்று உடற்கூற்றியல், உடலியங்கியல், இதயவியல், சிறுநீரகவியல், நரம்பியல், மகப்பேறியல் எனத் துறைப்பெயர்கள் ஒரே ஈற்றில் முடிகின்றன. ஒரு மாணவி 'குருதியியல்' என்னும் சொல்லை முதன்முறை கேட்டாலும் அது குருதி பற்றிய துறை என்று அறிந்துகொள்வாள். சொல்லாக்க வரலாற்றில் இது பெரும்பேறு. ஒரு சொல்லை ஆக்கியதால் வந்த பயன் அன்று இது; ஓர் ஈற்றை நிலைநிறுத்தியதால் வந்த பயன்.

நோய்ப்பெயர்களில் இதற்கு ஈடான வெற்றி 'அழற்சி' ஒன்றே எனலாம். அழல் என்னும் நெருப்பின் பெயரடியாகப் பிறந்த இச்சொல், செம்மை, வீக்கம், வெம்மை, வலி எனப் பண்டை உரோம எழுத்தாளர் செல்சஸ் தொகுத்துரைத்த நான்கு குறிகளுக்கும் பொருந்துகிறது. இங்கு ஒன்றைக் கருத வேண்டும். 'ஐடிஸ்' என்னும் கிரேக்க ஈற்றுக்கு நெருப்பு என்னும் பொருள் இல்லை. அது தொடக்கத்தில் 'அதைச் சார்ந்த' எனப் பொருள்படும் பெயரடை ஈறு மட்டுமே. மூட்டைச் சார்ந்த நோய் என்னும் தொடரில் நோய் என்ற சொல் உதிர்ந்துபோக, ஈறே நோயைக் குறிக்கலாயிற்று. மருத்துவ உலகம் பின்னர் அதற்கு அழற்சி என்னும் குறிப்பான பொருளைத் தந்தது. ஈற்றுறுப்பின் பொருள் வழக்கால் நிலைபெறுவது என்பதற்கு இது சான்று. ஆகவே தமிழில் எந்தச் சொல் மிகத் தூயது என்பதைவிட, எந்தச் சொல்லை எல்லாரும் ஒருமித்து ஆள்வர் என்பதே முதன்மையான வினா.

அகரவரிசையின் குறை

தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட, ப. அருளியின் உழைப்பில் உருவான அருங்கலைச்சொல் அகரமுதலியும், மணவை முஸ்தபாவின் மருத்துவக் கலைச்சொல் களஞ்சியமும் இத்துறையின் பெருஞ்செல்வங்கள். தனியொருவர் வாழ்நாள் உழைப்பை வேண்டும் பணிகள் அவை. அவற்றின் சொற்றேர்வு பற்றிப் பலர் விவாதித்துள்ளனர். இக்கட்டுரை கருதுவது அவற்றின் வரிசைமுறையை.

ஆங்கில அகரவரிசை சொல்லின் முதலெழுத்தை மதிக்கிறது. அதனால் ஒரே வேரில் தொடங்கும் சொற்கள் அருகருகே நிற்கின்றன. ஒரே ஈற்றில் முடியும் சொற்கள் சிதறிப்போகின்றன. கல்லீரல் அழற்சி ஓர் எழுத்திலும் மூட்டழற்சி மற்றோர் எழுத்திலும் தோலழற்சி பிறிதோர் எழுத்திலும் கிடக்கும். நூறு பக்க இடைவெளியில் நிற்கும் இவை ஓரினம் என்பதை அகராதியைப் புரட்டும் மாணவி காண்பதற்கு வழியில்லை. அகராதி ஆக்குவோருக்கும் இதே இடர் உண்டு. ஓர் ஈற்றுக்கு முன்பு என்ன சொல் தந்தோம் என்பது கண்முன் இல்லாதபோது, ஓரிடத்தில் நீக்கம் என்றும் மற்றோரிடத்தில் அகற்றல் என்றும் வேறோரிடத்தில் அறுவை என்றும் எழுத நேர்வது இயல்பு. தனித்தனியே ஒவ்வொன்றும் சரியான பெயர்ப்புதான். சேர்த்துப் பார்க்கையில் ஒழுங்கு குலைகிறது.

தமிழ் அகராதி மரபு முதலெழுத்து வரிசையை மட்டும் அறிந்ததன்று. 1594இல் இயற்றப்பட்ட அகராதி நிகண்டு அவ்வரிசையைத் தொடங்கியது. அதற்கு முன்பே திவாகரம் சொற்களைப் பொருள்வழித் தொகுதிகளாக்கியது. வீரமாமுனிவர் 1732இல் ஆக்கிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு வழிகளில் சொல்லை அணுகியது. அதன் தொடைப் பகுதி எதுகை நோக்கிச் சொற்களைத் தொகுப்பது. பயன்படுத்துவோரின் தேவைக்கேற்ப வரிசையை மாற்றலாம் என்னும் தெளிவு அம்மரபில் இருந்தது. செய்யுள் செய்வோருக்கு எதுகை வேண்டியிருந்தது போல, மருத்துவம் கற்போருக்கு ஈறு வேண்டியிருக்கிறது. ஈற்றுவரிசையில் அமைந்த ஒரு மருத்துவ அகராதி நம் மரபுக்குப் புறம்பானதாகாது.

பகுபத உறுப்பிலக்கணம் என்னும் கருவி

தமிழ்வழி மாணவர் உறுப்பிலக்கணத்தைப் பள்ளியிலேயே கற்றவர்கள். 'வந்தனன்' என்னும் சொல்லை வா, த், த், அன், அன் எனப் பிரித்து, பகுதி 'வ' எனக் குறுகியதும் சந்தித் தகரம் நகரமானதும் விகாரம் என்று எழுதி மதிப்பெண் பெற்றவர்கள். தேர்வு முடிந்ததும் அது பயனற்ற பாடம் என்று கைவிடப்படுகிறது. மருத்துவச் சொல்லைப் பிரிக்க அதே பயிற்சி போதும்.

மூட்டு மாற்று அறுவை தொடர்பாக வழங்கும் 'ஆர்த்ரோபிளாஸ்டி' என்னும் சொல்லை ஆர்த்ர் + ஓ + பிளாஸ்டி எனப் பிரிக்கலாம். ஆர்த்ர் பகுதி, மூட்டு. பிளாஸ்டி ஈற்றுறுப்பு, சீரமைப்பு. இடையே நிற்கும் 'ஓ' பொருளற்றது. இரண்டையும் இயைக்க வருவது. நம் சாரியை செய்யும் பணியை அது செய்கிறது. 'ஆர்த்ரைடிஸ்' என்னும் சொல்லில் அந்த ஓகாரம் இல்லை. ஈற்றுறுப்பு உயிரில் தொடங்கினால் இடையுயிர் கெடும் என்பது அச்சொல்லாக்கத்தின் விதி. 'மூட்டு' என்பதனோடு 'அழற்சி' சேரும்போது ஈற்று உகரம் கெட்டு 'மூட்டழற்சி' ஆவதைக் கற்ற மாணவிக்கு இவ்விதி புதிதன்று. நரம்பு, நரம்பழற்சி என்பதும் அவ்வாறே. இரைப்பை என்பதன் முன் யகர உடம்படுமெய் தோன்றி இரைப்பையழற்சி ஆகிறது. கிரேக்கம் உயிரைக் கெடுத்தோ இடையில் சேர்த்தோ சமாளிக்கும் ஒலிச்சிக்கலைத் தமிழ் குற்றியலுகரத்தாலும் உடம்படுமெய்யாலும் தீர்க்கிறது.

இவ்விதிக்கு ஒரு புறனடையும் உண்டு. இரு வேர்கள் அடுத்தடுத்து வருமிடத்து, இரண்டாவது வேர் உயிரில் தொடங்கினாலும் ஓகாரம் கெடுவதில்லை. இரைப்பை, குடல் இரண்டின் அழற்சியையும் குறிக்கும் 'காஸ்ட்ரோஎன்டரைடிஸ்' இதற்குச் சான்று. முதல் வேருக்குப் பின் ஓகாரம் நிற்கிறது; 'ஐடிஸ்' முன் அது இல்லை. ஒரே சொல்லில் விதியும் புறனடையும் சேர்ந்து நிற்பதால், வகுப்பில் இதனைப் பிரித்துக் காட்டுவது பெரும்பயன் தந்தது.

ஈற்றிலிருந்து படித்தல்

மருத்துவச் சொல்லை ஈற்றில் தொடங்கிப் பின்னோக்கிப் படிக்க வேண்டும் என்பது பயிற்றுநர் பலரும் சொல்லும் அறிவுரை. தமிழ்த் தொடரமைப்போடு ஒப்பிடும்போது இதில் இரு வகைகள் புலனாகின்றன.

முதல்வகையில் கிரேக்கச் சொல்லின் வரிசையும் தமிழ்ச் சொல்லின் வரிசையும் ஒன்றே. உறுப்பு முன்னும் நோயோ செயலோ பின்னும் வரும். கல்லீரல் வீக்கத்தைக் குறிக்கும் 'ஹெப்பட்டோமெகாலி' கல்லீரல், பெருக்கம் என்னும் வரிசையிலேயே அமைகிறது. அழற்சி, வலி, கட்டி, நீக்கம் ஆகிய ஈறுகளும் இவ்வகையின.

இரண்டாம் வகையில் வரிசை தலைகீழாகிறது. 'ஹைப்பர்கிளைசீமியா' என்பதில் ஹைப்பர் மிகை, கிளைஸ் சர்க்கரை, ஈமியா குருதியின் நிலை. தமிழில் இது 'குருதிச் சர்க்கரை மிகை'. மூன்று உறுப்புகளும் முற்றிலும் எதிர்வரிசையில் நிற்கின்றன. 'புரோட்டீனூரியா' சிறுநீரில் புரதம் ஆகிறது. ஈமியா, யூரியா என்னும் ஈறுகள் நிகழிடத்தைக் குறிப்பவை. தமிழ் நிகழிடத்தை முன்வைக்கும் மொழி. ஆகவே இவ்வகைச் சொற்களில் ஈற்றிலிருந்து பின்னோக்கிப் படித்தால் கிடைப்பது நேரான தமிழ்த் தொடர். தமிழ் மாணவிக்கு இது ஒரு வாய்ப்பு. ஆயின் இவ்விரு வகைகளையும் வேறுபடுத்திக் காட்டாத அகராதியால் அவ்வாய்ப்பு மறைந்துவிடுகிறது.

பிரித்தறியாமல் கற்பதால் நேரும் தவறுக்கு வகுப்பிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 'ஹீமட்டூரியா' என்றால் என்ன என்று கேட்டபோது ஒரு மாணவி, குருதியில் உள்ள யூரியாவின் அளவு என்றார். ஹீமட் என்பது குருதி என அவர் அறிவார். யூரியா என்பது ஆய்வகத் தாளில் நாள்தோறும் காணும் பெயர். ஆங்கில எழுத்தில் வேறுபடும் சிறுநீர் ஈறும் யூரியா என்னும் வேதிப்பொருளும் தமிழெழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. அவர் பிரித்த முறை சரி. ஈற்றுக்குக் கொண்ட பொருளே தவறு. சிறுநீரில் குருதி என்னும் தமிழ் வடிவம் அச்சொல்லுக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் அத்தவறு நேர்ந்திராது. ஒலிபெயர்ப்பு மட்டும் போதும் என்போர் கருத வேண்டிய இடம் இது.

மூன்று ஈறுகளும் ஓர் 'ஆபரேஷனும்'

தமிழ்க் கலைச்சொல் மிகவும் தளர்ந்து நிற்கும் இடம் அறுவைப் பெயர்கள். 'ஆட்டமி', 'எக்டமி', 'ஆஸ்டமி' என்னும் மூன்று ஈறுகள் தமிழ்ச்செவிக்கு ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கின்றன. பொருளில் அவை பெரிதும் வேறு. முதலாவது கீறித் திறத்தல்; இரண்டாவது வெட்டி எடுத்தல்; மூன்றாவது உடலில் ஒரு வாயை அமைத்தல். பித்தப்பையைப் பற்றிய கோலிசிஸ்டெக்டமி அதனை எடுத்துவிடுவது. கோலிசிஸ்டாஸ்டமி அதனை உள்ளேயே வைத்து வடிவதற்கு வழி அமைப்பது. பொதுவழக்கில் இரண்டும் 'பித்தப்பை ஆபரேஷன்'. எழுத்துத் தமிழில் பெரும்பாலும் இரண்டும் 'பித்தப்பை அறுவை சிகிச்சை'. ஆங்கிலச் சொல்லின் ஈற்றில் இருந்த செய்தி தமிழில் வரும்போது உதிர்ந்துவிட்டது.

இது சொல்லாய்வாளரின் கவலை மட்டுமன்று. வகுப்பு மாணவி ஒருவர் தம் தாயின் பழைய மருத்துவமனைத் தாளைக் கொண்டுவந்தார். பல ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் 'கர்ப்பப்பை ஆபரேஷன்' நடந்திருந்தது. அண்மையில் வேறொரு மருத்துவர், சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்களா என்று கேட்டபோது அத்தாயால் விடைசொல்ல இயலவில்லை. "எல்லாத்தையும் எடுத்துட்டாங்கன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்" என்பதே அவர் மகளிடம் சொன்னது. தாளில் 'ஹிஸ்டரெக்டமி' என்னும் ஒரு சொல் இருந்தது. சினைப்பை நீக்கத்தைக் குறிக்கும் 'ஊஃபரெக்டமி' இல்லை. எக்டமி என்னும் ஈற்றை அந்த வாரம் கற்ற அம்மாணவி, கருப்பை நீக்கம் மட்டுமே எழுதப்பட்டுள்ளது என்று தாமே படித்தறிந்தார். மருத்துவரிடம் அத்தாளைக் காட்டி உறுதிசெய்துகொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. தம் உடலில் எது உள்ளது, எது இல்லை என்பதை ஒரு பெண் அறியாதிருந்ததற்கு மொழியும் ஒரு காரணம்.

இம்மூன்று ஈறுகளுக்கும் முறையே 'கீறல்', 'நீக்கம்', 'வாயமைப்பு' என்னும் வடிவங்களை இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. நீக்கம் முன்பே பரவலான வழக்கில் உள்ளது. வாயமைப்பு என்பதற்கு மட்டும் விளக்கம் வேண்டும். 'ஆஸ்டமி' என்னும் ஈற்றின் அடியான கிரேக்கச் சொல்லுக்கு வாய் என்பதே பொருள். தமிழும் புண்வாய், மடைவாய், வாய்க்கால் எனத் திறப்புகளை வாய் என்றே வழங்கும். பெருங்குடல் நீக்கம், பெருங்குடல் வாயமைப்பு என்னும் இரு தொடர்களையும் கேட்கும் நோயாளி, இரண்டும் வெவ்வேறு என்பதையேனும் உடனே அறிவார். இசைவுப் படிவத்தில் கையொப்பமிடுமுன் அவர் கேட்கவேண்டிய கேள்வி அதிலிருந்து பிறக்கும்.

நாட்டு வழக்கும் அதன் ஈறும்

ஈற்றுறுப்பு என்னும் கருத்து மேலை மருத்துவத்தோடு வந்ததன்று. சித்த மருத்துவ மரபிலும் அதன் வழிவந்த பொதுவழக்கிலும் 'வாதம்' ஒரு வலிய ஈறு. பக்கவாதம், முடக்குவாதம், கீல்வாதம், இளம்பிள்ளை வாதம் என்பன அதனால் ஆனவை. இந்நான்கையும் மேலை மருத்துவம் ஓரினமாகக் கொள்வதில்லை. ஒன்று மூளைக் குருதியோட்டத்தின் கேடு; இரண்டு மூட்டுநோய்கள்; ஒன்று தீநுண்மத் தொற்று. உடலின் இயக்கம் குன்றுவதையும் நோவையும் மூன்று நாடிகளுள் ஒன்றன் கேடாகக் காணும் கோட்பாடு அந்த ஈற்றில் உள்ளது. அழற்சி என்னும் ஈறு வேறொரு கோட்பாட்டைச் சுமக்கிறது. எனவே ஈற்றைப் பெயர்ப்பது நோயை வகுக்கும் முறையைப் பெயர்ப்பதாகும். முடக்குவாதம் போல மக்களிடம் வேரூன்றிய சொல்லை அழற்சி எனத் திருத்தி எழுத வேண்டியதில்லை. அகராதி இரண்டையும் தந்து, எது எவ்வகுப்பைச் சார்ந்தது என்று குறிப்பதே தகும்.

பகுதிச் சொற்களிலும் இத்தகைய இடர் உண்டு. மக்கள் வழக்கில் நரம்பு என்பது சிரையையும் குறிக்கும். சிரைவழி ஊசியை 'நரம்பு ஊசி' என்றும், சிரை வீங்கிச் சுருள்வதை 'நரம்புச் சுருட்டல்' என்றும் சொல்வர். ஆகவே நரம்பியல் என்னும் பலகையைக் காணும் ஒருவர், காலில் சிரை புடைத்ததற்காக அங்கே காத்திருக்கக்கூடும். ஈற்றை ஒழுங்குசெய்வது எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடாது என்பதற்கு இது சான்று.

முறையின் எல்லைகள்

ஈற்றுறுப்பு வழிக் கற்றலுக்குத் தெளிவான எல்லைகள் உள்ளன. 'ஓமா' கட்டியைக் குறிக்கும் என்று கற்ற மாணவி, கண்ணழுத்த நோயாகிய குளுக்கோமாவையும் கண்தொற்றாகிய டிரக்கோமாவையும் கட்டிகள் என்று கொள்ளக்கூடும். ஹீமட்டோமா என்பது குருதி தேங்கிய வீக்கம், புற்றன்று. மெலனோமா, லிம்ஃபோமா ஆகியனவோ புற்றுநோய்கள். ஈறு ஒன்றே, அச்சத்தின் அளவு வேறு. 'நியூரோசிஸ்' நரம்பின் நோயன்று, மனத்தின் நிலை. 'அனீமியா' சொல்லளவில் குருதியின்மை. பொருளளவில் குருதிச் சிவப்பணுவின் அல்லது அதன் நிறமியின் குறைவு. இங்கே இரத்தசோகை என்னும் வழக்குச்சொல் உறுப்புவழிப் பெயர்ப்பைவிடச் சிறந்தது. ஸ்டெதாஸ்கோப்பின் ஈறு பார்த்தலைக் குறிப்பது. 1816இல் லெனக் அமைத்த அக்கருவியோ கேட்பதற்கு உரியது. நுண்ணோக்கி, தொலைநோக்கி என 'நோக்கி' ஈறு தந்த தமிழ், இக்கருவிக்கு இதயத்துடிப்புமானி என வேறு ஈறு தந்தது. ஈற்றை இயந்திரம்போல் பெயர்க்காமல் கருவியின் பணியை நோக்கிய தேர்வு அது. ஈறு ஒரு தொடக்க ஊகத்தைத் தரும். முடிவைத் தருவது துறையறிவே. கற்பிப்போர் விதியோடு புறனடையையும் சேர்த்தே தருதல் வேண்டும். நன்னூல் நமக்குக் கற்பித்த முறையும் அதுவே.

ஒருமைப்பாட்டில் நிலவழக்கு வேறுபாடும் கருதத்தக்கது. தமிழகத்தில் அறுவை சிகிச்சை, மருத்துவர், மருத்துவமனை என வழங்குவன இலங்கையில் சத்திரசிகிச்சை, வைத்தியர், வைத்தியசாலை என வழங்குகின்றன. இரு வழக்குக்கும் நெடிய மரபு உண்டு. ஈற்றுவரிசை அகராதி இவ்விரண்டையும் ஓரிடத்தில் அருகருகே காட்ட இயலும். ஒன்றைத் தள்ளி மற்றொன்றை நிறுவ வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

முடிவுரை

தமிழில் மருத்துவக் கலைச்சொற்கள் குறைவு என்னும் குற்றச்சாட்டு இன்று பொருந்தாது. சொற்கள் நிறைய உள்ளன. அவற்றை இனங்காட்டும் ஒழுங்கு குறைவாக உள்ளது. துறைப்பெயர்களில் 'இயல்', நோய்ப்பெயர்களில் 'அழற்சி' ஆகிய இரண்டும் ஓர் ஈறு நிலைபெற்றால் நூறு சொற்கள் தாமே விளங்கும் என்பதைக் காட்டியுள்ளன. அவ்வெற்றி அறுவைப் பெயர்களுக்கும் ஆய்வக முடிவுகளைக் குறிக்கும் பெயர்களுக்கும் நீளவில்லை.

இதிலிருந்து மூன்று பணிகள் முன்னிற்கின்றன. ஒன்று, வழக்கில் மிகுந்துள்ள ஈற்றுறுப்புகளுக்கு ஒவ்வொரு நிலையான தமிழ் வடிவத்தை மொழியறிஞரும் மருத்துவரும் கூடி முடிவுசெய்தல். இரண்டு, ஈற்றுவரிசையில் அமைந்து, புறனடைகளைக் குறித்துக் காட்டும் ஒரு சிற்றகராதியை ஆக்குதல். மூன்று, பகுபத உறுப்பிலக்கணம் கற்பிக்கும் பாடத்தில் மருத்துவச் சொற்கள் சிலவற்றையும் பயிற்சியாகச் சேர்த்தல். மூன்றாவது பணி தமிழாசிரியர்களாகிய நம் கையில் உள்ளது. அதற்குக் குழுவும் நிதியும் வேண்டியதில்லை. 'வந்தனன்' என்பதைப் பிரிக்கத் தெரிந்த மாணவி 'ஹிஸ்டரெக்டமி' என்பதையும் பிரித்துவிடுவாள். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு நேரம் போதும்.